குண்டு வைத்துக் கேட்ட பூமியின் குரல்

பூமியின் உட்புறத்தை மனிதன் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்டே அறிந்தான். நிலம் நடுங்கும்போது எழும் அலைகள் ஆழத்தில் எதில் மோதின, எங்கே வளைந்தன, எவ்வளவு நேரம் பிந்தி வந்தன என்பவற்றைக் கணக்கிட்டே, கால்களுக்குக் கீழே பல்லாயிரம் கிலோமீற்றர் ஆழம் வரை ஒரு படத்தை வரைந்து வைத்திருக்கிறான். இயற்கை தரும் நடுக்கத்துக்காகக் காத்திருக்க முடியாதபோது தானே வெடிவைத்துக் கேட்டான். வெடிமருந்தில் தொடங்கிய அந்த வரலாறு அணுகுண்டு வரை சென்றது.

வெடியோசையை அழிவின் ஓசையாக மட்டுமே எழுதிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்த பத்திரிகையாளன் நான். புவிச்சரிதவியல் என் துறையன்று. ஆயினும் அறிவைத் தேடி வெடித்த குண்டுகளின் கதையை வாசிக்கத் தொடங்கிய பின்னர், அதை எழுதாமல் விட மனம் இடம் தரவில்லை. இக்கதையின் நடுவே நிற்பது கண்டங்களின் அடியோடு. அதாவது நாம் நிற்கும் நிலத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் கீழே தொடங்கி 35, 40 கிலோமீற்றர் ஆழத்தில் முடியும் பாறைப் பகுதி. அங்கே அலைகள் ஒழுங்காகத் திரும்புவதில்லை, சிதறுகின்றன. அந்தச் சிதறலைப் புரிந்துகொள்ள மனிதருக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

வெடிமருந்தும் பாதரசக் கிண்ணமும்

1849 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையிலுள்ள கிலைனிக் கடற்கரையில், றொபேட் மலெற் என்ற பொறியியலாளர் மணலுக்குள் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கவைத்தார். தொலைவில் பாதரசம் நிறைந்த கிண்ணம் ஒன்று இருந்தது. அதிர்வு வந்து சேரும்போது பாதரசத்தின் மேற்பரப்பு கலங்கும். வெடித்த நேரத்துக்கும் கலங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து அலையின் வேகத்தைக் கணக்கிட்டார். மணலில் செக்கனுக்கு ஏறத்தாழ 250 மீற்றர். பின்னர் கிரனைற் பாறையில் செய்த சோதனையில் ஏறத்தாழ 500 மீற்றர்.

கிரனைற்றுக்கு இது மிகக் குறைந்த வேகம். உறுதியான கிரனைற்றில் அலை செக்கனுக்கு 5 கிலோமீற்றருக்கு மேல் பாயும் என்பதை இன்று அறிவோம். முதலில் வரும் மெல்லிய அதிர்வைப் பிடிக்கும் நுண்மை மலெற்றின் கருவிக்கு இருக்கவில்லை என்று பின்வந்தோர் கூறினர். ஆனால் மலெற் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. பாறை ஒரே சீரானதன்று. அதிலுள்ள பிளவுகளும் வெடிப்புகளும் அலையைக் குலைக்கின்றன என்றார் அவர். நிலத்தின் சீரின்மை பற்றிய சிந்தனை இத்துறையின் தொட்டிலிலேயே இருந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் அது பின்தள்ளப்பட்டது.

இரண்டு கோடுகள்

1909 ஒக்ரோபர் 8 ஆம் திகதி, குரோஷியாவின் சாக்ரெப் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. சாக்ரெப் வானிலை ஆய்வகத்தின் தலைவராக இருந்த அந்திரியா மொஹோரோவிச்சிச், ஐரோப்பாவின் பல நிலையங்களிலிருந்து பதிவுகளைப் பெற்று ஒப்பிட்டார். சில நிலையங்களில் ஒரே வகை அலை இருமுறை வந்திருந்தது. ஒன்று மேற்பகுதி வழியே நேராக வந்தது. மற்றது ஆழத்துக்கு இறங்கி, வேகம் கூடிய ஏதோ ஒரு படையின் வழியே விரைந்து, மீண்டும் மேலேறி வந்தது. அந்தப் படை தொடங்கும் ஆழம் 54 கிலோமீற்றர் என அவர் கணித்தார். புவியோடு முடிந்து இடையோடு தொடங்கும் அந்த எல்லைக்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. சுருக்கமாக மோஹோ என்பர்.

அடுத்த கோடு 1925 இல் வந்தது. ஒஸ்திரியரான விக்ரர் கொன்ராட், 1923 நவம்பரில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ரௌவேர்ன் பகுதியில் ஏற்பட்ட நடுக்கத்தின் பதிவுகளில், முன்சொன்ன இரண்டுக்கும் இடையே வந்த மூன்றாவது அலையைக் கண்டார். புவியோட்டின் நடுவே இன்னோர் எல்லை உண்டு என்பது அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. மேலே கிரனைற், கீழே பசால்ற் என்ற எளிய படம் பாடநூல்களில் ஏறியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்கள் அதை வரைந்து புள்ளி பெற்றனர்.

அந்தப் படத்தைச் சோதிக்கும் வாய்ப்பு சோவியத் ஒன்றியத்தில் கிடைத்தது. வட துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள கோலாக் குடாநாட்டில் 1970 மே மாதம் தொடங்கிய துளையிடல், 1989 இல் 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. ஏறத்தாழ 7 கிலோமீற்றரில் கிரனைற் முடிந்து பசால்ற் தொடங்க வேண்டும் என அலைப் பதிவுகளைக் கொண்டு எதிர்பார்த்திருந்தனர். பசால்ற் வரவில்லை. உருமாறிய, நொறுங்கிய பாறைகளும் அவற்றின் வெடிப்புகளில் நீரும் வந்தன. 100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் என்று கருதிய வெப்பநிலை அடியில் 180 பாகையை எட்டியது. அலைகள் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒரு மாற்றத்தின் எதிரொலியையே அவை கொண்டுவந்தன. அந்த மாற்றத்துக்குப் பாறையின் பெயரைச் சூட்டியவர்கள் மனிதர்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உலகின் மிக ஆழமான அந்தத் துளைகூட அடியோட்டைத் தொடவில்லை. ஜேர்மனியின் பவேரியாவில் 1990 முதல் 1994 வரை தோண்டிய துளையும் 9,101 மீற்றரில் நின்றது. அங்கே வெப்பம் 260 பாகையைத் தாண்டியிருந்தது. அடியோட்டை அறிய அலைகளை விட்டால் வேறு வழியில்லை.

எண்ணெய் தேடிய வண்டிகள்

எண்ணெய்க் கம்பனிகள் சில கிலோமீற்றர் ஆழத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறையை வளர்த்திருந்தன. கனரக வண்டிகள் வரிசையாக நின்று, இரும்புத் தட்டை நிலத்தில் அழுத்தி அதிரச் செய்யும். திரும்பும் எதிரொலியை நீண்ட வரிசையில் வைத்த உணர்கருவிகள் பதியும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜக் ஒலிவர், சிட்னி கோஃப்மன் ஆகியோர் அதே முறையை முழுப் புவியோட்டுக்கும் பயன்படுத்தினர். 1975 இல் ரெக்சஸ் மாநிலத்தில் முதற் சோதனை நடந்தது. பிரித்தானியர் 1981 முதல் கப்பல்களைக் கொண்டு தம் தீவைச் சூழ்ந்த கடலில் இதையே செய்தனர். கடற்றரையின் காந்தவரிகளை விளக்கி உலகப் புகழ்பெற்ற டிரமண்ட் மத்தியூஸ் அப்பணிக்குத் தலைமை தாங்கினார்.

வந்த படங்கள் வியப்பளித்தன. பல இடங்களில் மேலோடு வெறுமையாகத் தெரிந்தது. இடையோடும் பெரும்பாலும் வெறுமையே. இரண்டுக்கும் நடுவே, அடியோடு மட்டும் நூற்றுக்கணக்கான குறுங்கோடுகளால் நிறைந்திருந்தது. பாய் பின்னியதுபோல் கிடையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எங்கும் தொடர்ச்சியில்லாமல். மோஹோ எல்லையருகே அக்கோடுகள் திடீரென நின்றன. கொன்ராட் கண்ட ஒற்றைக் கோட்டை அங்கே தேடியவர்கள் ஒரு கூட்டத்தைக் கண்டனர்.

அக்கோடுகள் எவை? ஆழத்திலிருந்து உருகி ஏறி, தட்டுத் தட்டாக உறைந்த கரும்பாறை என்றனர் சிலர். வெப்பத்தில் இளகிய பாறை கண்டங்கள் இழுபடும்போது நீண்டு மெலிந்து அடுக்கானது என்றனர் வேறு சிலர். பாறை இடுக்குகளில் சிக்கிய நீர் என்றனர் இன்னுஞ் சிலர். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று இருந்தது. படத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் உண்மையில் ஒரு படையா?

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். செக்கனுக்கு 20 தடவை அதிரும் அலை, செக்கனுக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் அதன் அலைநீளம் 300 மீற்றர். அது 25 கிலோமீற்றர் ஆழத்துக்குச் சென்று திரும்பும்போது, ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டம் முழுவதிலிருந்தும் வரும் எதிரொலிகள் ஒன்றாகக் கலந்தே மேலே சேரும். அந்த வட்டத்துக்குள் இருப்பது ஒரு பெரும் படையா, நூறு சிறு பாறைத் துண்டங்களா என்று பிரித்தறிய முடியாது. நூறு பேர் ஒன்றாகப் பேசும் மண்டபத்துக்கு வெளியே நிற்பவனின் நிலை அது. இரைச்சல் ஏறி இறங்குவது கேட்கும். அதில் தனிக்குரல் போன்ற ஒன்றும் சிலவேளை கேட்கும். அது எவருடைய குரலும் அன்று.

அலையின் வால்

இந்த இரைச்சலை ஆராயத் துணிந்தவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கெயிட்டி அக்கி. நடுக்கத்தின் முதன்மை அலைகள் கடந்த பின்னரும் பதிவில் நெடுநேரம் நீளும் வால் ஒன்று உண்டு. அதுவரை பயனற்றதென ஒதுக்கப்பட்ட அந்த வாலை 1969 இல் அவர் ஆராய்ந்தார். ஒரே வட்டாரத்தில் நடுக்கம் எங்கே நிகழ்ந்தாலும், பதிவுநிலையம் எங்கே இருந்தாலும், வால் தேயும் விதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நேராக வந்த அலையாயின் அவ்வாறு இராது. வட்டாரம் முழுவதுமுள்ள எண்ணற்ற சீரின்மைகளில் மோதிச் சிதறி, எல்லாத் திசைகளிலிருந்தும் திரும்பிய அலைகளின் கூட்டமே அந்த வால் என்றார். 1975 இல் பேர்னார்ட் ஷூவேயுடன் சேர்ந்து அதை மேலும் விரித்தார்.

அதே 1969 ஆம் ஆண்டு வானத்திலிருந்தும் ஒரு சான்று வந்தது. நவம்பரில் அப்பலோ 12 விண்வெளி வீரர்கள் தாம் பயன்படுத்தி முடித்த ஏறுகலத்தை நிலவில் மோதவிட்டனர். அங்கு வைத்திருந்த கருவியில் அதிர்வு ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீடித்தது. நிலவின் மேற்பகுதி விண்கற்கள் விழுந்து நொறுங்கியது, நீரற்று உலர்ந்தது. அலை சிதறிக்கொண்டே இருக்கிறது, அடங்குவதில்லை. நிலவின் பதிவு கிட்டத்தட்ட முழுவதும் வாலாகவே இருந்தது.

இக்காலத்தில் இத்துறைக்குப் பணம் தாராளமாகக் கிடைத்தது. காரணம் பூமியின் மீதுள்ள காதலன்று. நிலத்தடியில் எதிரி வெடித்த அணுகுண்டை இயற்கை நடுக்கத்திலிருந்து பிரித்தறிய வல்லரசுகள் விரும்பின. அமெரிக்கா 1965 இல் மொன்டானா மாநிலத்தில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் அகலமான பரப்பில் 525 உணர்கருவிகளைப் புதைத்தது. தொலைதேசத்திலிருந்து ஒரே சீராக வரவேண்டிய அலை, அருகருகே இருந்த கருவிகளில்கூட வெவ்வேறு வலிமையுடன் பதிவாகியது. குண்டைத் தேடியவர்களுக்கு அது தொல்லை. அக்கிக்கோ அது செய்தி. மொன்டானாவின் அடியிலுள்ள நிலமே அலையைச் சிதறடிக்கிறது என்பதை 1973 இல் அவர் அதிலிருந்து கணித்துக் காட்டினார்.

சைபீரியாவின் விலை

மறுபுறத்தில் சோவியத் ஒன்றியம் குண்டையே கருவியாக்கியது. 1965 முதல் 1988 வரை அங்கே அமைதித் தேவைகளுக்கு என்ற பெயரில் 120 இற்கும் மேற்பட்ட அணுவெடிப்புகள் நிகழ்த்தப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 40 பூமியின் உட்புறத்தை ஆராய்வதற்கானவை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளமுள்ள கோடுகள் வரையப்பட்டு, அவற்றின்மீது பதிவுக் கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டன. குவார்ட்ஸ் எனப் பெயரிட்ட கோடு, வடமேற்கே கோலாப் பக்கமிருந்து தென்கிழக்கே அல்தாய் மலைகள் வரை, 4,000 கிலோமீற்றருக்குச் சற்றே குறைவாக நீண்டது. வேறெந்த நாட்டிலும் இத்தகைய பதிவுகள் இல்லை.

அவற்றின் விலை யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பதையும் கூறவேண்டும். 1971 செப்ரெம்பரில் இவானோவோ மாகாணத்தின் கல்கினோக் கிராமத்திலிருந்து 4 கிலோமீற்றர் தொலைவில், குளோபஸ்-1 என்ற வெடிப்பின்போது கதிரியக்க வாயு வெளியே கசிந்தது. வொல்கா ஆற்றோடு கலக்கும் கிளையாறு ஒன்றின் கரை அது. 1978 ஓகஸ்டில் யாக்கூத்தியாவில் கிராத்தோன்-3 வெடித்தபோது குழியின் அடைப்பே பிடுங்கப்பட்டுக் கதிரியக்க முகில் எழுந்தது. அம்முகில் சென்ற வழியில் ஊசியிலைக் காடு செத்து நின்றது. இரண்டும் ஆயுதச் சோதனைகளல்ல. அலைகளைக் கேட்பதற்காக வெடித்தவை. அவ்வட்டாரத்து மக்களுக்கு நடந்தது என்னவென்று சோவியத் ஆட்சி முடியும் தறுவாயிலேதான் தெரியவந்தது.

அந்த ஆட்சி வீழ்ந்த பின்னர் பதிவுகள் மேற்கு நாட்டு ஆய்வாளரின் கைக்கும் வந்தன. அவற்றில் ஒரு புதிர் இருந்தது. மோஹோவுக்குக் கீழே செல்லும் உயர் மீடிறன் அலைகள் 3,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் தேயாமல் வந்தன. பின்னால் நீண்ட வாலையும் இழுத்துவந்தன. ஜேர்மனியரான ரைபெர்க், ஃபூக்ஸ் ஆகியோரும் அவர்களது ரஷ்யத் தோழர்களும், 1995 இல் இதற்கு இடையோட்டின் மேற்பகுதியே காரணம் என்றனர். அங்கே நிறைந்துள்ள சிறு சீரின்மைகள் அலையைச் சிதறடித்து, ஒரு குழாய்க்குள் போல அடைத்துச் செல்கின்றன என்பது அவர்களது கருத்து.

மொரோசோவ், ஸ்மித்சன் முதலியோர் இதை ஏற்கவில்லை. லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் ஒருவர் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறத்தில் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி வளைந்த சுவரில் மீண்டும் மீண்டும் தெறித்துச் செல்வதே காரணம். அதுபோல அலை மோஹோவின் அடிப்புறத்தில் தெறித்துத் தெறித்துச் செல்கிறது என்பது அவர்களது விளக்கம். அப்படியானால் நீண்ட வால் எங்கிருந்து வந்தது? 2003 இல் கொப்பன்ஹேகனைச் சேர்ந்த நீல்சன், தைபோ ஆகியோர் இவர்களுடன் சேர்ந்து கணினியில் அலைகளை ஓடவிட்டுப் பார்த்தனர். அடியோட்டைச் சீரற்றதாக வைத்தபோது பதிவில் உள்ளது போன்ற வால் கிடைத்தது. பிரித்தானியக் கடலில் பாய்ப்பின்னலாகத் தெரிந்த அதே அடியோடுதான் சைபீரியாவிலும் அலையைக் கலைக்கிறது என்பது அவர்களின் முடிபு.

வழக்குமன்றச் செய்தி எழுதிப் பழகிய எனக்கு இந்த விவாதம் மிகவும் பிடித்தது. ஒரே சாட்சியத்தை வைத்துக்கொண்டு இரு தரப்பும் நேர்மையாக வாதிட்டன. குற்றவாளி கீழ்வீட்டில் இருக்கிறானா மேல்வீட்டில் இருக்கிறானா என்பதே வழக்கு.

மேலே வந்த அடியோடு

வாதங்களைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. சில இடங்களில் பண்டைய அடியோடு நிலத்தின் மேலேயே கிடக்கிறது. வடமேற்கு இத்தாலியின் இவ்றேயாப் பகுதி அவற்றுள் புகழ்பெற்றது. ஆபிரிக்கப் பக்கத்து நிலம் ஐரோப்பாவுடன் மோதி ஆல்ப்ஸ் எழுந்தபோது, அங்கே புவியோடு பக்கவாட்டில் சாய்ந்து வெளிப்பட்டது. 40 கிலோமீற்றர் தோண்டவேண்டிய இடத்தில் நடந்தே பார்க்கலாம்.

ஹொலிகர், லெவாண்டர் என்ற இருவர் 1992 இல் அவ்விடத்துப் புவிச்சரிதப் படத்தை எண்களாக மாற்றி ஆராய்ந்தனர். கரிய கப்ரோப் பாறையும் வெளிறிய உருமாறிய பாறையும் மாறி மாறி, பெரிதுக்குள் சிறிது, சிறிதுக்குள் மேலும் சிறிது என அடுக்கடுக்காகக் கிடந்தன. அந்த ஒழுங்கின்மைக்குப் பொருந்திய கணிதம், தியடோர் வொன் கார்மன் காற்றின் கொந்தளிப்பை விளக்க வகுத்தது. விமானத் துறைக்காகப் பிறந்த சூத்திரம் பாறைக்கும் பொருந்தியது.

இவ்விரு பாறைகளுக்கும் வேறுபாடு பெரிதன்று. ஒன்றில் அலையின் வேகம் செக்கனுக்கு 7 கிலோமீற்றர், அடர்த்தி நீரின் 3 மடங்கு. மற்றதில் வேகம் 6.4, அடர்த்தி 2.75 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். எல்லையில் திரும்பும் அலையின் வீச்சு நூற்றுக்கு 9 அளவு. ஆற்றலாகப் பார்த்தால் நூற்றில் ஒன்றுகூட இல்லை. எனினும் இத்தகைய எல்லைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அலை அடையாளம் தெரியாமற் கலைந்துபோகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் பிற்காலத்தது. ஆனால் தென்மேற்கிலிருந்து மலைநாட்டின் ஊடாகத் திருகோணமலை வரை செல்லும் உயர்நிலத் தொகுதியின் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவை ஒரு காலத்து அடியோடு. 1980களின் பிற்பகுதியில் ஜேர்மன், இலங்கை ஆய்வாளர்கள் கூட்டாக அவற்றை ஆராய்ந்தனர். மலைநாட்டு வீதிகளில் வெட்டிய பாறைச் சுவர்களில் கருமையும் வெண்மையும் வரிவரியாக ஓடுவதை எவரும் காணலாம். அலையைச் சிதறடிப்பது அந்த வரிதான். அங்கே காணும் சார்னொக்கைற் என்ற பாறையின் பெயரும் நமக்கு அண்மையில் பிறந்தது. சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துப் பாறை இவ்வினத்தது. கொல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல்லும் இதுவே என்பதால், தோமஸ் ஹொலண்ட் 1893 இல் அவருடைய பெயரைச் சூட்டினார்.

குண்டு இல்லாமல்

இக்கதையின் அண்மைக்கால அத்தியாயமே எனக்கு ஆறுதல் தருவது. அலை எல்லாத் திசைகளிலும் சிதறிக் கலந்துவிட்டால் அதில் செய்தி எதுவும் மிஞ்சாது என்றே எவரும் நினைப்பர். 2003 இல் பிரான்சைச் சேர்ந்த மிஷேல் கம்பியோ, அன் போல் ஆகிய இருவர் மெக்சிக்கோவின் நடுக்கப் பதிவுகளில் அந்த வால்களை மட்டும் எடுத்து, இரண்டு நிலையங்களின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கூட்டினர். ஒரு நிலையத்தில் வெடிவைத்து மற்றதில் கேட்டிருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அது கிடைத்தது. எல்லாத் திசைகளிலிருந்தும் அலைகள் வந்ததாலேயே அது இயன்றது. 2005 இல் கம்பியோ இன்னும் மூவருடன் சேர்ந்து, நடுக்கமும் இல்லாமல், கடலலைகள் நிலத்தில் ஓயாது எழுப்பும் மெல்லிய முணுமுணுப்பைக் கொண்டே கலிபோர்னியாவின் புவியோட்டைப் படம் பிடித்தார்.

இம்முறை எல்லாவற்றுக்கும் ஈடாகாது. குவார்ட்ஸ் கோட்டின் பதிவுகளை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். அத்தகைய உயர் மீடிறன் அலைகளை இரைச்சலிலிருந்து பெறுவது எளிதன்று. ஆயினும் பூமியைக் கேட்பதற்கு யாக்கூத்தியாவில் ஒரு காடு சாகவேண்டிய தேவை இனி இல்லை. அக்காடு செத்த காலத்திலேயே, தொல்லை என்று ஒதுக்கிய வாலில் செய்தி இருக்கிறது என்பதை அக்கி எழுதிவிட்டார். அதை முழுமையாகக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு மனிதனுக்கு மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.